முதலில் கிராஸோவர், அப்புறம் ஈக்குவலைசர்

காரில் புது ஸ்டீரியோ மாட்டியதும் எல்லாரும் முதலில் தேடிப் போவது ஈக்குவலைசர் பக்கத்தைத்தான். திரையில் பத்துப் பதிமூன்று கோடுகள் ஏறி இறங்குவதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. இடது ஓரத்தைத் தூக்கினால் பேஸ் வருகிறது, வலது ஓரத்தைத் தூக்கினால் பளிச்சென்று ஒரு தெளிவு வருகிறது. நடுவில் இருப்பவை எதற்கென்று தெரியாததால் அவற்றைக் கீழே இறக்கிவிடுகிறோம். கடை வாசலில் நின்று கேட்கும்போது பிரமாதமாக இருக்கும். அங்கிருந்து கிளம்பி தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் பாடுகிறவர் குரல் அமுங்கிப் போயிருக்கும், கதவு பேனல் கடகடக்கும், சத்தத்தைக் கூட்டினால் காது கூசும்.

இதற்கு ஸ்டீரியோவைக் குற்றம் சொல்ல முடியாது. வேலையைத் தலைகீழாகத் தொடங்கியதால் வந்த வினை. எந்த ஸ்பீக்கர் எதை வாசிக்கக் கூடாது என்று தீர்மானிப்பது கிராஸோவர். அது முடிந்த பிறகும் மிச்சமிருக்கும் கோணலைத் திருத்துவது ஈக்குவலைசர். முன்னதைச் செய்யாமல் பின்னதில் கை வைத்தால் எவ்வளவு நேரம் தடவினாலும் சரி வராது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டிலும் முக்கால்வாசி வேலை குறைப்பதுதான். கூட்டுவது கடைசியில், அதுவும் கொஞ்சூண்டு.

தெரிந்திருக்க வேண்டிய அளவுகள்

ஒலி என்பது காற்றின் அதிர்வு. நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்கிறோம். மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் முனை குறைந்துகொண்டே வரும். ஆண் பேசும் குரலின் அடிப்படை அதிர்வு சுமார் 85 முதல் 180 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 165 முதல் 255 வரை. ஆனால் என்ன சொல் என்று நமக்குப் புரிய வைக்கிற ச, த, ட போன்ற எழுத்துகளின் ஓசை அதைவிட ரொம்ப மேலே, 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டித்தான் இருக்கிறது. கதவு ஸ்பீக்கரில் குரல் கனமாகக் கேட்டும் வரி புரியவில்லை என்றால் காரணம் இதுதான்.

அதிர்வெண் இரட்டிப்பானால் ஒரு ஸ்தாயி. மத்திய ஸ்தாயி சட்ஜத்திலிருந்து மேல் ஸ்தாயி சட்ஜத்துக்குப் போனால் எவ்வளவு தூரமோ, அதேதான். 40 ஹெர்ட்ஸிலிருந்து 80 ஒரு ஸ்தாயி, 80 லிருந்து 160 இன்னொரு ஸ்தாயி, 5,000 லிருந்து 10,000 கூட ஒரே ஒரு ஸ்தாயிதான். ஈக்குவலைசர் கோடுகளுக்குக் கீழே எண்கள் தாவித் தாவி ஏறுவது இதனால்தான். இதை ஆங்கிலப் பெயரில் ஆக்டேவ் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள்.

சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் டெசிபல் கொஞ்சம் ஏமாற்றும். 3 டெசிபல் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும். 6 கூட்டினால் நான்கு மடங்கு. 10 கூட்டினால் பத்து மடங்கு. அந்தப் பத்து மடங்கு சக்திக்குக் காதில் கிடைப்பதோ, சுமார் இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும் அளவுதான். திரையில் பேஸ் கோட்டை ஒரு விரலால் 12 வரை தள்ளும்போது ஆம்ப்பிடம் கிட்டத்தட்ட 16 மடங்கு சக்தி கேட்கிறோம் என்பது நினைவில் இருந்தால் கை தானாகக் கூசும்.

அந்தச் சக்தி உள்ளே இருக்கிறதா? ஸ்டீரியோ பெட்டியில் 50 வாட் × 4 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது காரில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமான அலையாகக் கொடுக்கக்கூடிய உச்சம் ஏறக்குறைய 26 வாட். வழியில் போகிற இழப்பையும் கழித்தால் 20 வாட் சுற்று வட்டாரம். அலையின் தலையையும் வாலையும் வெட்டிச் சதுரமாக்கினால்தான் 50 வரும். அப்படி வெட்டுப்படுவதற்குப் பெயர் கிளிப்பிங். கேட்கும்போது கரகரவென்று கிழிந்தாற்போல் இருக்கும். ட்வீட்டர்கள், அதாவது உச்ச ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர்கள், கருகிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கிராஸோவர் என்ன செய்கிறது

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லக் கல்லணை போதும். வரும் தண்ணீர் அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. ஸ்டீரியோவிலிருந்து வரும் ஒலியைக் கிராஸோவரும் அப்படிப் பிரித்து விடுகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. ஆற்றில் பிரிவது அளவு. எந்த வாய்க்காலில் போனாலும் அது அதே தண்ணீர். இங்கே பிரிவது ரகம். கீழ் அதிர்வெண் சப்வூஃபர் (சுருக்கமாகச் சப்) என்ற பேஸ் ஸ்பீக்கருக்கு, நடுப்பகுதி கதவு ஸ்பீக்கருக்கு, உச்சாணி ட்வீட்டருக்கு.

ஏன் பிரிக்க வேண்டும், எல்லா ஸ்பீக்கரும் எல்லாவற்றையும் வாசித்தால் என்ன? ஒரு ஸ்பீக்கர் அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே தர வேண்டுமானால் அதன் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்றால் 40 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டர், 20 ஹெர்ட்ஸில் பதினாறு. கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு அவ்வளவு இடமே கிடையாது. அது முட்டி மோதி, அந்த மோதலில் குரலையும் கெடுத்துவிடும். ஏனென்றால் தவிலையும் பாட்டையும் சேர்த்து வாசிப்பது அந்த ஒரே கூம்புதான். தவிலுக்காக அது எல்லை வரை போய் நிற்கும்போது குரலுக்கு அசைய இடமில்லை.

ஹை பாஸ் ஃபில்டர் என்றால் நீங்கள் வைத்த எண்ணுக்கு மேலே இருப்பதை விடும், கீழே இருப்பதைத் தடுக்கும். லோ பாஸ் அதற்கு நேர் எதிர். ஆம்ப்ளிஃபயரில் ஹெச்.பி.எஃப்., எல்.பி.எஃப். என்று இரண்டு திருகுகளும், பக்கத்தில் எது வேலை செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு சின்ன சுவிட்சும் இருக்கும். திருகைச் சரியான எண்ணில் வைத்துவிட்டு அந்தச் சுவிட்சை ‘ஃபுல்’ என்ற இடத்திலேயே விட்டுவிடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும். அப்போது திருகை எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் மாறாது.

தடுப்பு என்றால் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடாது, படிப்படியாகச் சரியும். 12 டெசிபல் சரிவு என்றால் ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதம் குறையும். ஹை பாஸை 80 ல் வைத்தால் 40 ஹெர்ட்ஸ் ஒலியின் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட கால் பங்காகிவிடும். மேலே சொன்ன நான்கு மடங்கு அசைவை இந்தக் கால் பங்கு சரிக்கட்டிவிடுகிறது. அதனால்தான் கதவு ஸ்பீக்கருக்கு 12 டெசிபல் சரிவாவது வேண்டும். ஸ்டீரியோவில் 24 இருந்தால் இன்னும் நல்லது. 6 டெசிபல் சரிவு கதவு ஸ்பீக்கரைக் காப்பாற்றப் போதாது.

எந்த எண்ணில் வைப்பது

டிக்கியில் சப் இருக்கிறது என்றால், கதவில் உள்ள ஆறரை அங்குலத்துக்கு ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ், சப்புக்கு லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ். இங்கிருந்து தொடங்குங்கள். முன்பக்கம் நான்கு அங்குல ஸ்பீக்கர் என்றால் 100 முதல் 120 வரை ஏற்றிக்கொள்ளலாம். பின் கண்ணாடிக்குக் கீழே பதிக்கிற ஆறுக்கு ஒன்பது அங்குல முட்டை வடிவ ஸ்பீக்கர் கொஞ்சம் பெரியது, 60 வரை தாங்கும்.

80 க்கும் 80 க்கும் வைத்தபிறகு அந்த இடத்திலேயே ஒரு குண்டு குண்டென்ற வீக்கம் கேட்டால், இரண்டு பக்கமும் ஒரே பகுதியை வாசிக்கிறார்கள் என்று பொருள். சப்பை 70 க்கு இறக்கி, கதவை 90 க்கு ஏற்றிப் பாருங்கள். நடுவே பள்ளம் விழுமே என்று தோன்றும். காருக்குள் அப்படி விழுவதில்லை. காரின் உட்கூடமே அந்த இடத்தை நிரப்பிவிடும்.

சப்பின் லோ பாஸை 120, 150 என்று ஏற்றி வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் செட்டிங். இடி அதிகமாகக் கேட்கும், உண்மைதான். ஆனால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவது கடினம். அதைத் தாண்டி மேலே போகப் போகத் திசை தெரிய ஆரம்பித்துவிடும். அப்புறம் ஆண் குரலின் அடிப்பாகம் டிக்கியிலிருந்தும் மேல்பாகம் கதவிலிருந்தும் வரும். மிருதங்க வித்வான் உங்கள் முதுகுக்குப் பின்னாலும் அவருடைய வலந்தலை டேஷ்போர்டிலும் உட்கார்ந்திருப்பார்கள்.

சப் இல்லாதவர்கள் என்ன செய்வது? கதவு ஸ்பீக்கருக்கு 60 ல் ஒரு ஹை பாஸ் அப்போதும் வைக்கலாம். பேஸ் போய்விடுமே என்று பயப்படுவார்கள். 60 க்குக் கீழே அந்த ஸ்பீக்கர் உண்மையில் ஒன்றும் தருவதில்லை, அசைவை மட்டும் வீணாக்குகிறது. அதை நிறுத்தினால் மிச்சமெல்லாம் இன்னும் இரண்டு படி சத்தமாக, கிழியாமல் வரும்.

சப் பெட்டியில் ஓட்டை, அதாவது போர்ட், இருந்தால் இன்னொரு ஃபில்டர் அவசியம்: சப்சோனிக். போர்ட் வைத்த பெட்டி அதன் எல்லைக்குக் கீழே போனால் உள்ளே கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றழுத்தம் இருக்காது. கூம்பு கண்டபடி ஆடும். 25 லிருந்து 30 ஹெர்ட்ஸுக்குள் அந்த ஃபில்டரை வைத்துவிடுங்கள். மூடிய பெட்டிக்கு இந்தப் பயம் குறைவு.

ட்வீட்டருக்கு வரும் கிராஸோவர் பெரும்பாலும் ஸ்பீக்கர் செட்டோடு வரும் சின்னப் பெட்டியிலோ, ஒயரில் கோத்திருக்கும் ஒரு கெப்பாசிட்டரிலோ அடங்கிவிடும். 4 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் போட்டால் தடுப்பு ஏறக்குறைய 8,500 ஹெர்ட்ஸில் தொடங்கும். 10 மைக்ரோஃபாரட் போட்டால் 4,000. எண் பெரிதானால் தடுப்பு கீழே இறங்கும். ஒரு ட்வீட்டர் போய்விட்டதென்று கடையில் கிடைத்த வேறொன்றை அப்படியே மாட்டி, கெப்பாசிட்டரை விட்டுவிட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும். அந்தச் சின்னப் பெட்டியில் ட்வீட்டருக்கு மட்டும் 3 டெசிபல் குறைக்கும் ஜம்பர் (மாற்றிச் செருகும் சின்ன இணைப்பு) இருந்தால் அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். முன் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலி காருக்குள் ஏற்கெனவே கூர்மையாகத்தான் இருக்கும்.

கெயின் என்பது வால்யூம் கிடையாது

ஆம்ப்பில் கெயின் என்று ஒரு திருகு. அது சத்தத்தைக் கூட்டுவதற்கு என்று நினைத்து முழுக்கத் திருப்பி வைத்திருப்பார்கள். ஸ்டீரியோ அனுப்பும் வோல்ட்டேஜுக்கும் ஆம்ப் தரக்கூடிய சக்திக்கும் பொருத்தம் பார்ப்பதுதான் அதன் வேலை.

மல்டிமீட்டர் இருந்தால் காதை நம்பவே வேண்டியதில்லை. ஈக்குவலைசரில் எல்லாம் பூஜ்யம், பேஸ் பூஸ்ட் ஆஃப், லவுட்னெஸ் ஆஃப். ஸ்பீக்கர் ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்குக்குக் கொண்டுபோய், கதவு சேனலுக்கு 1,000 ஹெர்ட்ஸ், சப் சேனலுக்கு 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட்டுங்கள். ஆம்ப்பின் வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நீங்கள் பார்க்க வேண்டிய ஏ.சி. வோல்ட் கிடைக்கும். 75 வாட், 4 ஓம் என்றால் 300 ன் வர்க்கமூலம், சுமார் 17.3 வோல்ட். மீட்டர் அதைத் தொடும்வரை கெயினைத் திருப்பி நிறுத்துங்கள், அவ்வளவுதான். வாட் என்பது ஆர்.எம்.எஸ். வாட்டாக, அதாவது ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய வாட்டாக, இருக்க வேண்டும். பெட்டியின் மேல் நட்சத்திரக் குறியோடு போட்டிருக்கும் 1,200 வாட்டை எடுத்துக் கணக்குப் போட்டால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்காது.

மீட்டர் இல்லையென்றால் பழகிய பாட்டொன்றை முக்கால் வால்யூமில் ஓடவிட்டு, கெயினை மெல்ல ஏற்றி, ஒலி கிழியத் தொடங்கியதும் கொஞ்சம் பின்வாங்குங்கள். சப்பை மட்டும் இப்படிக் காதால் பிடிப்பது கஷ்டம். கீழ் அதிர்வெண்ணில் கிழிசல் சீக்கிரம் தெரியாது.

இந்த இடத்தில் சப்பின் ஒயரை ஒருமுறை மாற்றிப் போட்டுப் பார்ப்பது நல்லது. சப் முன்னே தள்ளும் நேரத்தில் கதவு ஸ்பீக்கர் பின்னே இழுத்தால் இருவரும் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வார்கள். ஆம்ப்பில் 0, 180 என்று ஃபேஸ் சுவிட்ச் இருந்தால் அதைத் தட்டிப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் எந்தப் பக்கம் பேஸ் கனமாக, முன்னாலிருந்து வருவதாகக் கேட்கிறதோ அதுதான் சரி. பேஸ் போதவில்லை என்று பெரிய சப் வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்யலாம், காசு மிச்சம்.

இப்போது ஈக்குவலைசர்

இதுவரை செய்ததிலேயே பாதிக் குறை போயிருக்கும். மிச்சமிருப்பது காரின் உடம்பால் வருவது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை காற்றில் சுமார் 3.4 மீட்டர் நீளம். அது ஒரு சின்னக் காரின் முழு நீளத்துக்குப் பக்கத்தில் வருகிறது. 10,000 ஹெர்ட்ஸ் அலையோ வெறும் 3.4 சென்டிமீட்டர். நீளமான அலைகள் கூடத்துக்குள் அடைபட்டுச் சில இடங்களில் வீங்கும், சில இடங்களில் காணாமல் போகும். குட்டையான அலைகளைச் சீட்டுத் துணி உறிஞ்சும், கண்ணாடி திருப்பியடிக்கும்.

எந்தப் பகுதி எப்படிக் கேட்கும் என்று தெரிந்தால் தேட எளிது. 60 ஹெர்ட்ஸ் சுற்றி நெஞ்சில் படும் இடி. 100 முதல் 250 வரை மிருதங்கத் தொப்பியின் உடம்பு, அதே இடத்தில்தான் கூடுதலானால் எல்லாம் மொத்தையாகும். 300 முதல் 500 வரை வீங்கினால் ஒருவர் மூடிய அறைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும். 2,000 முதல் 5,000 வரை காது மிகக் கூர்மையாக இருக்கும் இடம். குரலின் தெளிவு இங்கே. 6,000 லிருந்து 8,000 வரை ச, ஸ ஓசைகள் சீறும். அதற்கு மேலே கைத்தாளத்தின் கணகணப்பு.

நாகஸ்வரத்தை வைத்துச் சோதிப்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி. எப்படி ஒலிக்க வேண்டும் என்பது கல்யாணத்திலும் கோவிலிலும் கேட்டுக் கேட்டுக் காதுக்குள் ஊறியிருக்கும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிற நாகஸ்வரம் 2022 ல் புவிசார் குறியீடு வாங்கியது; மைக் இல்லாமலே நான்கு வீதிக்கும் கேட்கும் அந்த ஒலியின் ரகசியம், சீவாளியின் அதிர்வில் பிறக்கும் மேல் அதிர்வுகள் காது கூர்மையாக இருக்கும் இடத்தில் வந்து விழுவதுதான். காரில் 3,000 ஹெர்ட்ஸ் வீங்கியிருந்தால் நாகஸ்வரம் குத்தும். 1,000 பள்ளமாக இருந்தால் அது ஷெனாய் போல் மெலிந்துவிடும். அப்புறம் தவிலைக் கவனியுங்கள்: விரல் கூடு படும் அடியின் சுள்ளென்ற தொடக்கமும், மறுபக்கம் குச்சி விழும் அடியின் கனமும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். ஒன்று கதவிலும் ஒன்று டிக்கியிலும் கேட்டால் திரும்பக் கிராஸோவருக்குப் போக வேண்டியதுதான்.

ஆனால் பதிவு எப்போது செய்ததென்று பாருங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டுக் காலத்துப் பதிவு. அந்தத் தட்டில் அடி முனையும் உச்சி முனையும் பெரும்பாலும் பதிவாகவே இல்லை. 10,000 ஹெர்ட்ஸைத் தூக்கினால் ஏறுவது ஊசியின் கரகரப்பு. இல்லாததை எந்த ஈக்குவலைசராலும் கொண்டுவர முடியாது. வாட்ஸாப்பில் கைமாறி வந்த பாட்டுக்கும் இதே கதைதான். செட்டிங் செய்யும் நாளில் நல்ல பதிவாக இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். போனில் தனியாக ஓர் ஈக்குவலைசர் ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

வீக்கம் எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி இது. ஒரு கோட்டை 6 டெசிபல் ஏற்றிக் கேளுங்கள். உங்களை உறுத்திக்கொண்டிருந்த அந்தக் குறை இன்னும் மோசமானால் ஆள் அங்கேதான் இருக்கிறார். அதே கோட்டைப் பூஜ்யத்துக்குக் கீழே 2, 3 இறக்குங்கள். மோசமாகவில்லை என்றால் பூஜ்யத்தில் விட்டுவிட்டு அடுத்த கோட்டுக்குப் போங்கள். தேடும்போது ஏற்று, கண்டபின் இறக்கு. பாராமெட்ரிக் வகை ஈக்குவலைசர் என்றால் எந்த அதிர்வெண், எவ்வளவு, எவ்வளவு அகலம் என்று மூன்றையும் நீங்களே வைக்கலாம். கியூ என்ற எண் பெரிதானால் அகலம் குறுகும்.

பள்ளத்தை மேடாக்கப் போகாதீர்கள். இதைப் பலர் கேட்க மாட்டார்கள், ஆனாலும் சொல்கிறேன். பல பள்ளங்கள், நேரே வரும் அலையும் கண்ணாடியில் மோதித் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழிப்பதால் வருபவை. அங்கே 6 டெசிபல் கூட்டினால் நேர் அலையும் கூடும், திரும்பும் அலையும் அதே அளவு கூடும், அழிவு அப்படியே இருக்கும். ஆம்ப் மட்டும் சூடாகும். ஸ்பீக்கரின் கோணத்தையோ, ஒலியைத் தாமதப்படுத்தும் டிலேயையோ மாற்றினால் ஒருவேளை சரியாகும்.

போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் செயலியைப் போட்டு, பிங்க் நாய்ஸ் என்ற, எல்லா ஸ்தாயியிலும் சம சக்தியுள்ள இரைச்சலை ஓடவிட்டுப் பார்ப்பது உதவும். போனைத் தலை இருக்கும் இடத்தைச் சுற்றி மெல்ல நகர்த்திச் சராசரியைப் பாருங்கள். ஒரே இடத்தில் பிடித்தால் அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் சரி செய்வீர்கள். அடி பேஸ் விஷயத்தில் போன் மைக்கை நம்பாதீர்கள். கோடு தட்டையாக வர வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். காருக்குள் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 லிருந்து 10 டெசிபல் வரை தூக்கலாகவும், மேலே போகப் போக மெல்லச் சரிந்தும் இருப்பதுதான் கேட்க இதம்.

ராக், பாப், ஜாஸ் என்று வரும் ரெடிமேட் செட்டிங்குகளில் பெரும்பாலானவை இரண்டு ஓரமும் தூக்கி நடுவைப் பள்ளமாக்குபவை. குறைந்த சத்தத்தில் அவை நன்றாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சத்தம் குறைந்தால் காது பேஸை மற்றவற்றைவிட அதிகமாகத் தவறவிடும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933 லேயே அளந்து வெளியிட்டார்கள். லவுட்னெஸ் பொத்தான் அதை ஈடுகட்டத்தான். வால்யூமைக் கூட்டியதும் அந்தத் தேவை போய்விடும், தூக்கல் மட்டும் நிற்கும்.

எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் காதுக்கு ஒரே நேரத்தில் வரும்படி தாமதம் வைக்கிற டைம் அலைன்மென்ட் வசதி இருந்தால் ஒரு நாடாவை எடுத்து அளந்து போட்டுவிடுங்கள். நாம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவதால் வலது கதவு கிட்டே, இடது கதவு எட்டே. ஒலி ஒரு மில்லி நொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும்; இரண்டுக்கும் அரை மீட்டர் வித்தியாசம் என்றால் வலதை ஒன்றரை மில்லி நொடி தாமதப்படுத்தினால் பாடுகிறவர் நடுவுக்கு வந்துவிடுவார்.

ரோட்டில் இறங்கிய பிறகு

எல்லாவற்றையும் நிழலில் நிறுத்தி, எஞ்சின் சத்தம் தொந்தரவு செய்யாத நேரத்தில் செய்ய வேண்டும். ஆனால் தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் எண்பதில் போகும்போது டயர் சத்தமும் காற்றும் அடி அதிர்வெண்களை விழுங்கிவிடும். நின்றபோது சரியாக இருந்த பேஸ் இப்போது மெலிந்து கேட்கும். இதற்காக ஈக்குவலைசரைக் கலைக்காதீர்கள். சப்பின் அளவை மட்டும் 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். ஆம்ப்போடு வரும் ரிமோட் பேஸ் திருகு இதற்குத்தான். ஓட்டிக்கொண்டே திரையில் கோடுகளைத் தள்ளுவது வேண்டாம். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காய்கிற ஊர் நம்முடையது.

கடகடப்பு வந்தால் அதுவும் ஈக்குவலைசர் வேலை இல்லை. 40 லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியை ஓட்டி, ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்று கையால் அழுத்திப் பாருங்கள். கதவு பேனலின் கிளிப், நம்பர் பிளேட், டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, மூன்றில் ஒன்றாக இருக்கும். கதவின் உள் தகட்டில் ஓட்டைகளை மூடி, அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டினால் நடு பேஸ் கூடுவது ஈக்குவலைசரில் ஏற்றுவதைவிடச் சுத்தமாக இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. கண்ணாடி ஓரமாக வரும் தண்ணீர் கீழே உள்ள வடிகால் துளை வழியே போய்விடும். ஸ்பீக்கர் மாட்டும்போது உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டுத் திரும்ப ஒட்டாமல் விட்டால் பேனல் நனையும். தாள் கூம்பு கொண்ட ஸ்பீக்கரானால் ஊறி உப்பி, ஒலி மாறிவிடும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் செம்பு முனைகள் பச்சை பூத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் விட்டு விட்டு வந்தால் பாலன்ஸைத் தொடுவதற்கு முன் டெர்மினலைச் சுரண்டிப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள், ஆம்ப்பின் திருகுகள் உட்பட. சர்வீஸில் பேட்டரியைக் கழற்றினால் சில ஸ்டீரியோக்களில் செட்டிங் முழுக்க அழிந்துவிடும். புது செட்டிங்கை ஒரு பிரீசெட்டாகவும், எல்லாம் பூஜ்யமாக உள்ளதை இன்னொரு பிரீசெட்டாகவும் சேமித்து ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேளுங்கள். தினமும் கேட்டுப் பழகிய காதுக்கு எந்தக் கோடு தேவையில்லாமல் இறங்கியிருக்கிறது என்பது நாலாம் நாளே தெரியும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விட்டு மறுபடி ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.